"ஒரே சட்டை"ன்னா ஒரு சட்டையா, நிறைய சட்டையா?

#1 மாம்பலத்து அப்பா

நேத்து ராத்திரி தோசை சாப்பிட்டுட்டு இருக்கும்போது ஆறாவது படிக்கிற என் பொண்ணு திடீர்னு "அப்பா, ஒரேன்னா என்ன அர்த்தம்"னு கேட்டா. ஒரேன்னா ஒரே தான், சாப்பிடுன்னேன். விடல. ரஃப் நோட்டுல நாலு வரி எழுதி வச்சிருந்தா, எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டினா.

அப்பாகிட்ட ஒரே சட்டை தான் இருக்கு.
அப்பா மூணு நாளா ஒரே சட்டையப் போட்டுட்டு ஆபீஸ் போறார்.
அப்பாவும் சித்தப்பாவும் ஒரே சட்டை போட்டிருக்காங்க.
அலமாரியத் திறந்தா ஒரே சட்டையா இருக்கு.

(நாலுலயும் மானம் போறது எனக்குத் தான், அது கிடக்கட்டும்.)

முதல் வரியில ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவதுல அந்த ஒண்ணு தான் திரும்பத் திரும்ப வருது. மூணாவதுல கண்டிப்பா ரெண்டு சட்டை, ஒரு சட்டைக்குள்ள நானும் என் தம்பியும் நுழைய முடியாது, அவன் சைஸுக்கு அவன் மட்டுமே நுழையறது கஷ்டம். நாலாவதுல எண்ணிக்கையே கிடையாது, சட்டை மேல சட்டை, கதவு மூட மாட்டேங்குது. ஒண்ணுக்கும் ஒரே, ரெண்டுக்கும் ஒரே, குவியலுக்கும் ஒரே. அப்புறம் ஒரே தலைவலி, ஒரே அழுகை, ஒரே போர், இதெல்லாம் வேற இருக்கு. தனித்தன்மையில ஆரம்பிச்சு சலிப்பு வரைக்கும் ஒரு வார்த்தை எப்படிப்பா போய் நிக்குது? நாப்பத்தஞ்சு வருஷமா பேசிட்டு இருக்கேன், ஒரு நாளும் தோணல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இன்னிக்கு சாயங்காலம் அவளுக்குப் பதில் சொல்லியாகணும்.

#2 நைட்ஷிப்ட் நாகு

அண்ணே இது கம்ப்யூட்டர் கோடு எழுதறவனுக்கு தினம் வர்ற பிரச்சனை. பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியில ரெண்டு சமக்குறி போட்டு கேட்டா "ரெண்டோட மதிப்பும் ஒண்ணா"ன்னு அர்த்தம், 'இஸ்'னு போட்டு கேட்டா "ரெண்டு பேரும் ஒரே பொருள் தானா, மெமரில ஒரே இடத்துல தான் இருக்கா"ன்னு அர்த்தம். உங்க ரெண்டாவது வரி 'இஸ்', மூணாவது வரி ரெண்டு சமக்குறி. இதுல ஒரு காமெடி என்னன்னா நாம சாதாரணமா ஓட்டற பைத்தான் மைனஸ் 5ல இருந்து 256 வரைக்கும் உள்ள எண்களை ஆரம்பத்துலயே ஒரு தடவை செஞ்சு வச்சுக்கும், நீங்க 256ன்னு எத்தனை இடத்துல எழுதினாலும் அந்த ஒண்ணையே எடுத்துக் குடுக்கும், அதனால 'இஸ்' ஆமான்னு சொல்லும். 257ஐ தனித்தனி வரியில ரெண்டு தடவை அடிச்சு கேட்டுப் பாருங்க, இல்லைன்னு சொல்லும். சேர்ந்த புதுசுல இதுல மாட்டி ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன், ஒரே கடுப்பு.

(நாலாவது அர்த்தம் வந்துருச்சு பாத்தீங்களா.)

#3 யாழ் மருதன்

எங்கட பக்கம் இன்னொண்டும் இருக்கு அண்ணை. "பிள்ளை ஒரே அழுதுகொண்டிருக்கு" எண்டா எந்த நேரமும், விடாமல் எண்டு அர்த்தம். "அவர் ஒரே உதைத்தான் (அந்த விசயத்தைத்தான்) கதைப்பார்". இஞ்ச ஒரே எண்டது பொருளைப் பற்றினதில்லை, நேரத்தைப் பற்றினது, இடையில வெட்டு விழாமல் ஓடுறது. உங்கட நாலாவது வரியும் அப்பிடித்தானே, அலுமாரிக்குள்ள சேட்டுக்கும் சேட்டுக்கும் இடையில வேற ஒண்டும் இல்லை, அதுதான் ஒரே சேட்டு. ஒண்டு எண்ட எண்ணிக்கை உடையாமல் நீண்டுகொண்டு போனால் அலுப்பாகிடும் எண்டு எனக்குப் படுது.

#4 கணக்கு டீச்சர்

எங்க ஸ்டாஃப் ரூம்ல தமிழ் ஐயாகிட்ட கேட்டேன் சார். "ஒரு" கூட ஏகாரம் சேர்ந்தது தான் ஒரேன்னார். முதல் வரியில அது பிரிநிலை ஏகாரம், மத்ததைப் பிரிச்சு வெளிய தள்ளிடுது, இது மட்டும் தான் வேற கிடையாதுன்னு. மத்ததுல தேற்றம், அடிச்சுச் சொல்றது. அதுக்கு மேல கேட்டா பீரியட் இருக்குன்னு போயிட்டார்.

என் பங்குக்கு ஒண்ணு. சமம் வேற, அதே வேற. இதை நான் பசங்களுக்கு அடகுக் கடையை வச்சுத் தான் சொல்லுவேன். பக்கத்து வீட்டுல 500 ரூபா கைமாத்து வாங்குறீங்க, திருப்பித் தரும்போது அந்த நோட்டையா தர்றீங்க? வேற எந்த 500 ரூபா குடுத்தாலும் அவங்க வாங்கி இடுப்புல செருகிப்பாங்க. ஆனா ரெண்டு வளையலை அடகு வச்சு மீட்கப் போறீங்க, கடைக்காரர் அதே எடை, அதே டச்சு (தங்கத்தோட சுத்தம்), இன்னும் பளபளப்பா வேற ஒரு ஜோடியை எடுத்து வச்சா வாங்குவீங்களா? தெருவே கூடிடும். எங்க அம்மா ஒரு தடவை மீட்டுட்டு வந்து வளையலோட உள்பக்கம் இருக்கற சின்ன நெளிவை விரலால தடவிப் பார்த்துட்டுத் தான் பையில போட்டாங்க. எடை போட்டுப் பார்க்கவே இல்ல.

சமக்குறி இருக்கே, இப்ப நாம போடற ரெண்டு கோடு, அதை ராபர்ட் ரெக்கார்டுன்னு வேல்ஸ்காரர் ஒருத்தர் 1557ல தன் புத்தகத்துல போட்டார். ஒவ்வொரு தடவையும் "இதுக்கு அது சமம்"னு வார்த்தையிலயே எழுதி எழுதி சலிச்சுப் போய்த் தான் அந்தக் குறியப் போட்டேன், ஒரே நீளத்துல இணையாப் போற ரெண்டு கோட்டை விட அதிகமா சமமான ரெண்டு பொருள் இருக்க முடியாதுன்னு காரணமும் எழுதி வச்சிருக்கார். ரெண்டு கோடுன்றதைக் கவனிங்க. ஒரு கோடு போதும்னு அவருக்குத் தோணல.

#5 சாயக்காரன்

வணக்கமுங்க. நான் திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல இருக்கறேன், 14 வருசமாச்சு. இந்த "ஒரே கலர்"ங்கற வார்த்தையில தான் எங்க பொழப்பே ஓடுது, திட்டு விழுகறதும் அதே வார்த்தைக்குத் தான். மாம்பலத்தண்ணா பொண்ணு எழுதுன மூணாவது வரிக்கு மட்டும் நான் பதில் சொல்றனுங்க, மத்தது எனக்குத் தெரியாது.

பையர், அதாவது ஆர்டர் குடுக்கறவரு, உள்ளங்கையளவு துணித்துண்டு ஒண்ணு அனுப்புவாரு, இந்தக் கலர் வேணும்னு. நாங்க லேப்ல சின்ன டப்பாவுல அஞ்சு கிராம் துணியப் போட்டு சாயம் ஏத்தி ஏ, பி, சி-ன்னு மூணு லேப் டிப் அனுப்போணும். அவரு பி ஓகேம்பாரு. சரி, இனி பி தான் அந்தக் கலர். அதைய மிஷின்ல முன்னூறு கிலோ துணிக்கு ஏத்தோணும், அப்பத் தான் கூத்தே. அதே ரெசிபி, அதே சாயம், அதே உப்பு, அதே சோடா, அதே அறுவது டிகிரி. இருந்தாலும் அதே கலர் வராதுங்க. நூலு வேற லாட்டா இருக்கும். தண்ணில கடினம் ஏறியிருக்கும். சோடா போட அஞ்சு நிமிசம் பிந்தியிருக்கும். ப்ளீச் ஒரு இழை கம்மியா இருந்தா சாயம் மங்கலா தெரியும். மழை நாள்ல துணிய காய வச்சுப் பாத்தா ஒரு மாதிரி, ஈரப்பதத்தோட பாத்தா ஒரு மாதிரி.

அதனால தான் நாங்க யாரும் "ஒரே கலர்"னு சொல்றதில்ல. ஸ்பெக்ட்ரோங்கற கலர் அளக்கற மிஷின்ல வச்சு டெல்டா ஈ பாப்போம், சாம்பிளுக்கும் லாட்டுக்கும் (ஒரு தடவை மிஷின்ல ஏத்துன துணி தான் லாட்டு) எவ்வளவு தூரம்னு ஒரு நம்பர். பொதுவா 1க்குக் கீழ இருந்தா பாஸு. இங்க தான் ஒரு சிக்கல் இருக்குதுங்க, கேளுங்க. ஒரு லாட்டு 0.8ல பாஸு, கொஞ்சம் செவப்புப் பக்கம் சாஞ்சிருக்கு. இன்னொரு லாட்டும் 0.8 தான், அதும் பாஸு, ஆனா பச்சைப் பக்கம் சாஞ்சிருக்கு. ரெண்டும் சாம்பிளோட ஒத்துப் போச்சு. கட்டிங்ல ஒரு லாட்டுல பாடிய வெட்டி இன்னொரு லாட்டுல கைய வெட்டி வச்சு தைச்சுட்டாங்கன்னா முடிஞ்சுது. சட்டைய மாட்டி நிறுத்துனா கை தனியா பாடி தனியா தெரியும். ரெண்டுக்கும் நடுவுல 1.6. பாஸு, பாஸு, ஆனா சேத்து வச்சா ஃபெயிலு.

அப்புறம் லைட் பாக்ஸு. ஒரு கருப்பு ரூம்ல ஒரு பொட்டி, உள்ள நாலஞ்சு வெளிச்சம், சுவிட்சப் போட்டு மாத்திக்கலாம். டி65-ன்னா பகல் வெளிச்சம், டிஎல்84-ன்னா கடையில எரியற டியூப்லைட், ஏ-ன்னா பழைய குண்டு பல்பு. பையர் துண்டையும் நம்ம துண்டையும் ஒட்டி வச்சு டி65 போட்டா இது எது அது எதுன்னே தெரியாது, கோடு கூட தெரியாது. டிஎல்84 போடுங்க, ஒண்ணு படக்குனு பழுப்பு அடிக்கும். துணி மாறல, சாயம் மாறல, சுவிட்சு மட்டும் தான் மாறுச்சு. இதுக்குப் பேரு மெட்டாமெரிசம். அவிய வேற சாயக் கூட்டுல அந்தக் கலர கொண்டு வந்திருப்பாங்க, நாங்க வேற கூட்டுல, ஒரு வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும், அடுத்த வெளிச்சத்துல பிரிஞ்சு போயிரும். நான் சேந்த புதுசுல எங்க மாஸ்டர் என்ன இதுல தான் நல்லா வாங்கு வாங்குனு வாங்குனாரு. "மேட்ச் ஆயிருச்சுங்க"ன்னு ஓடிப் போய் சொன்னேன், "எந்த லைட்ல"ன்னாரு. எனக்கு முழிக்கத் தான் தெரிஞ்சுது.

ஆக அண்ணனும் தம்பியும் ஒரே சட்டைன்னு பாப்பா எழுதியிருக்கறது வீட்டு டியூப்லைட்லயா வெயில்லயான்னு கேட்டுச் சொல்லுங்க.

#6 கணக்கு டீச்சர்

சாயக்காரன் சார், நீங்க சொன்னது எங்க கணக்குக்கே ஆகாத விஷயம். இதுக்கு அது சமம், அதுக்கு மூணாவது சமம்னா, முதலும் மூணாவதும் சமமா இருந்தே ஆகணும், சமம்னு சொல்ற எதுக்கும் அது அடிப்படைச் சட்டம். உங்க பாஸு பாஸு ஃபெயிலு அதை உடைக்குது. அப்ப உங்களோடது சமமே இல்ல, கிட்டக்க இருக்குன்னு மட்டும் தான் சொல்ல முடியும், கிட்டக்க இருக்கறது கை மாறிக் கை மாறி எங்கயோ கொண்டு போய் விட்டுடும். நாளைக்கு எட்டாவது பி செக்ஷன்ல உங்க சட்டை தான் பாடம்.

#7 சாயக்காரன்

சொல்லிக் குடுங்க டீச்சர், ஆனா எங்க ஊர்ல இதையும் ஒரு வார்த்தையில சொல்லுவாங்க. சாம்பிளுக்குத் தமிழ்ல என்ன, மாதிரி தானுங்களே. அப்ப ஒரே மாதிரின்னா? ஒரே சாம்பிள்னு தான் அர்த்தம். ரெண்டு துணியும் ஒண்ணுன்னு யாருமே சொல்லல, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்த துண்டு ஒண்ணுன்னு தான் சொல்றோம்.

#8 யாழ் மருதன்

ஐயோ, இது வடிவா இருக்கு.

#9 சிம்மக்கல் சிங்கம்

ஒரே போர் இந்த த்ரெட். ஒரு பொடிப்புள்ள கேட்டதுக்கு இவ்ளோ பேசுறீங்களேய்யா, வேலை வெட்டி இல்லையா

#10 மாம்பலத்து அப்பா

சிங்கம் சார், உதாரணத்துக்கு நன்றி, நாலாவது வரிக்குக் கீழ சேர்த்துக்கறேன்.

#11 ரெட்டைப்புள்ள அம்மா

எனக்கு ரெண்டும் பொண்ணு, ஒரே கருவுல பிரிஞ்சதுங்க, அச்சு அசல் ஒண்ணு போலவே இருக்கும்னு ஊரே சொல்லும். எனக்கு அப்படித் தெரிஞ்சதே இல்ல. பின்னாடி இருந்து நடந்து போறதப் பார்த்தாலே எது எதுன்னு தெரியும், மாடிப்படியில இறங்குற சத்தத்துல தெரியும். பெரியவ போனை சின்னவ மூஞ்சிய காட்டித் திறந்துடுறா, அதுக்கு தினமும் சண்டை. ஆனா விரல வச்சா திறக்காது. ரெட்டைப் புள்ளைங்களுக்குக் கூட கைரேகை வேற வேற தான். அப்ப போனுக்கு மூஞ்சியக் கேட்டா ஒரு ஆளு, விரலைக் கேட்டா ரெண்டு ஆளு. சாயக்கார அண்ணன் சொல்ற சுவிட்சு மாதிரி தான் இருக்கு.

இன்னொண்ணு, அவளுங்களுக்கு ஒரே மாதிரி டிரஸ் எடுக்கறத நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. சொந்தக்காரங்களுக்குத் தான் வருத்தம்.

#12 ரிட்டையர்டு 2009

மகளே, உங்க பிள்ளைகள் கதை ஒரு பக்கம்னா என் கதை நேர் மறுபக்கம். உங்க வீட்டுல ரெண்டு பேர் ஒருத்தரா தெரியறாங்க, என் வீட்டுல ஒருத்தன் ரெண்டு பேரா தெரியறேன்.

மத்திய அரசு வேலையில 36 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் நிக்காம வர வருஷா வருஷம் நவம்பர்ல உயிர்ச் சான்று குடுக்கணும், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம், எனக்கு இன்னும் அந்த யோகம் வரல. முன்னெல்லாம் ஆபீசர் முன்னாடி போய் நின்னு ஒப்பம் போட்டா முடிஞ்சுது. 2014க்கு அப்புறம் விரலை வச்சே குடுக்கலாம்னு வந்தது, நல்ல ஏற்பாடு தான், வரிசை இல்லை. போன தடவை ஒரு சென்டருக்குப் போனேன். பேர் சொல்ல வேண்டாம், அங்க இருந்த பொண்ணு தங்கமான பொண்ணு. வலது கட்டை விரல், இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஒண்ணும் ஏறல. துடைச்சிட்டு வைங்கன்னா, வச்சேன். கொஞ்சம் எண்ணெய் தடவி வைங்கன்னா, வச்சேன். கடைசியில ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே "தாத்தா, நீங்க மேட்ச் ஆகல"ன்னா. 

"யாரோட ஆகலம்மா?"

"உங்களோட தான் தாத்தா."

நானும் சிரிச்சேன், அந்தப் பொண்ணும் சிரிச்சுது. ரேகை தேஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல, வயசானா அப்படித் தான். 2021ல இருந்து முகத்தைக் காட்டியும் குடுக்கலாம்னு வந்திருக்கு, பேரன் போன்ல எடுத்து அனுப்பினான், கண்ணைச் சிமிட்டச் சொன்னுச்சு, சிமிட்டினேன், நான் நானாயிட்டேன்.

இதோட விட்டதா. சர்வீஸ் புக்குல என் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து இனிஷியல். ஆதார்ல பேருக்குப் பின்னாடி அப்பா பேர் முழுசா. பேங்க் பாஸ்புக்குல ரெண்டு இனிஷியல், ஊர் பேரையும் சேர்த்து. வடக்க எல்லாம் எப்படியோ, நம்ம பக்கம் குடும்பப் பேர்னு ஒண்ணு இல்லாததால ஒவ்வொரு ஃபாரத்துலயும் நாம ஒரு ஆளா இருக்கோம். கடைசியில ஸ்டாம்ப் பேப்பர்ல நோட்டரி முன்னாடி எழுதிக் குடுத்தேன், "மேற்கண்ட மூன்று பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும்"னு. ஒருவனையே. அந்த ஏகாரம் என்னன்னு மேல டீச்சர் சொன்ன பிறகு தான் எனக்கே உறைச்சுது. பிரிநிலையா தேற்றமான்னு தமிழ் ஐயாகிட்ட கேட்டுச் சொல்லும்மா.

#13 நைட்ஷிப்ட் நாகு

தாத்தா அந்த "உங்களோட தான்" செம. 'இஸ்' போட்டு கேட்டா நீங்களே ஃபால்ஸ் 😄

நான் காலேஜ்ல ஒரு எலக்டிவ் எடுத்தேன், ஃபிரேகேன்னு ஜெர்மன் தத்துவக்காரர், 1892ல எழுதினது. காலைல தெரியற வெள்ளியும் சாயங்காலம் தெரியற வெள்ளியும் ஒரே கிரகம் தான், ஆனா "விடிவெள்ளி தான் விடிவெள்ளி"ன்னு சொன்னா அதுல சரக்கே இல்ல, "விடிவெள்ளி தான் அந்தி வெள்ளி"ன்னு சொன்னா அது கண்டுபிடிப்பு, ஒரே பொருளைப் பத்தின வாக்கியம் ரெண்டும் எப்படி வேற வேற ஆச்சுன்னு கேட்டார். தாத்தாவோட மூணு பேரும் அதே கேஸ் தான். நம்மாளுங்களுக்கு ரெண்டுமே வெள்ளி தான், அதனால நமக்கு முதல்ல இருந்தே தெரிஞ்சிருக்கு போல.

#14 யாழ் மருதன்

தம்பி, அவசரப்படாதையும். வெள்ளி எண்டா அந்தக் கிரகம் மட்டுமில்லை, மின்னுற நட்சத்திரம் எல்லாத்தையுமே வெள்ளி எண்டுறது வழக்கம். வால்வெள்ளி எண்டு சொல்லுறமே, அது சுக்கிரனோ? பேர் ஒண்டாய் இருக்கிறதை வைச்சு ஆள் ஒண்டெண்டு பிடிக்கேலாது. தாத்தாவுக்கு பேர் மூண்டு ஆள் ஒண்டு, இஞ்ச பேர் ஒண்டு ஆள் ஆயிரம்.

#15 நைட்ஷிப்ட் நாகு

சரண்டர்.

#16 கமலாலயக்கரை

தாமதமா வர்றேன், எனக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு. எங்க ஊர் திருவாரூர், எங்க தாத்தா வீடு நாயனக்கார வீடு. தாத்தா நாயனம், தாத்தாவோட அண்ணன், அதாவது பெரிய தாத்தா, ஒத்து.

ஒத்து இப்பப் பாதிப் பேருக்குத் தெரியாது. பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனா விரல் ஓட்டி வாசிக்கறதுக்கு இல்ல. இருக்கற துளையை மெழுகு வச்சு அடைச்சு ஆதார சட்ஜத்துல, அதாவது 'ஸ'ங்கற அடிப்படைச் சுரத்துல நிறுத்திக்குவாங்க. அதுக்கப்புறம் அந்த ஒரு சுரம் தான். நாயனக்காரர் ராகம் போவார், கீர்த்தனை போவார், தவில் தனியாவர்த்தனம் வந்தா உக்காந்து வெத்தலை போடுவார். ஒத்துக்காரர் நிறுத்தக் கூடாது. மூக்கால இழுக்கறது, கன்னத்துல தேக்கறது, வாயால விட்டுக்கிட்டே இருக்கறது. சாமி புறப்பாடு முடிஞ்சு திரும்ப உள்ள போற வரைக்கும் ஸ்... ஸ்... ஸ்... அவ்வளவு தான். காசும் கம்மி, மாலையும் கடைசியில தான் விழும். "ஒத்து ஊதுறான்"னு சொந்தமா புத்தி இல்லாதவனைச் சொல்றோம் பாருங்க, அது எங்க பெரிய தாத்தா செஞ்ச வேலை.

சின்ன வயசுல கேட்டிருக்கேன், போர் அடிக்காதா தாத்தான்னு. அவருக்கு அந்த வார்த்தை சட்டுனு புரியல. புரிஞ்சதும் சொன்னார், சீவாளி (வாயில வச்சு ஊதற பகுதி) நாணல்டா, ஊத ஊத எச்சில்ல நனைஞ்சு இறங்கும், மார்கழிப் பனியில ஒரு மாதிரி, பங்குனிப் புழுக்கத்துல ஒரு மாதிரி, அது இறங்க இறங்க நான் மூச்சை ஏத்தணும், நீ கேக்கறது ஒரே சுரம், நான் ஊதறது நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு. ஒரு இழை இறங்கினா தாத்தா லேசா திரும்பிப் பார்ப்பாராம். தம்பி பார்வை தான், இருந்தாலும் கூசுமாம். சாயக்காரன் அண்ணன் சொன்னதைப் படிச்சதும் எனக்கு அது தான் ஞாபகம் வந்தது, ஒரே மாதிரி தானா வர்றதில்ல, யாரோ ஒருத்தர் பிடிச்சு நிறுத்திட்டு இருக்காங்க.

இப்ப எலக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி. பட்டனைத் தட்டினா நிக்கவே நிக்காது. உண்மையிலயே ஒரே சுரம் இப்பத் தான். அது தான் எனக்கு போர் அடிக்குது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஒத்து, ஒப்பு, ஒப்பம், ஒப்புதல், ஒத்துக்கறது, எல்லாமே ஒரே இடத்துல இருந்து வர்றது தான். ஒப்பாரி கூட, ஒப்பு வச்சு அழறதுன்னு எங்க பக்கம் சொல்வாங்க, போனவரை இன்னாருக்கு நிகர், இன்னதுக்கு நிகர்னு ஒப்பிட்டு ஒப்பிட்டு அழறது. பெரிய தாத்தா போனப்ப பாட்டிங்க அவரை என்னென்னவோவா சொல்லி அழுதாங்க, ஒத்துன்னு யாரும் சொல்லல.

எங்க ஊர் தேரையும் யாராவது கேப்பீங்க, அதனால நானே சொல்லிடறேன். ஆழித்தேர் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி தீயில எரிஞ்சு போய் புதுசா கட்டினது. அப்புறம் இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், திருச்சி பெல் (BHEL) கம்பெனியில செஞ்சது, ஹைட்ராலிக் பிரேக் வேற. பழைய மரம் எதுவும் இல்ல. எங்க ஊர்ல யாரையாவது இது அதே தேரான்னு கேட்டுப் பாருங்க, உங்களை மேலயும் கீழயும் பார்ப்பாங்க. நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வருது, அதே தேர் தான்.

#17 திரை 14

எல்லாரும் உருகிட்டீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன். சாயக்காரன், ஒத்துத் தாத்தா ரெண்டு பேருக்கும் கையில வேலை இருக்கு, ஒரு இழை இறங்கினா ஏத்தலாம். என் வேலை சிசிடிவி கண்ட்ரோல் ரூம். பதினாறு கட்டம் உள்ள ஸ்க்ரீன், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு. குடோன் கதவு, குடோன் கதவு, பார்க்கிங், லிஃப்ட், குடோன் கதவு. எதுவும் நடக்கக் கூடாது, நடக்காம இருக்கறதைத் தான் நான் பார்க்கணும். இதுல பிடிச்சு நிறுத்தறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க? கண்ணைத் தான் பிடிச்சு நிறுத்தணும்.

மேக்வொர்த்னு ஒருத்தர் 1948ல வெளியிட்ட சோதனை ஒண்ணு இருக்கு, எங்க டிரெயினிங்ல சொன்னாங்க. போர்க்காலத்துல ரேடார் பார்க்கற ஆளுங்க ஏன் விட்டுடறாங்கன்னு கண்டுபிடிக்க. வெறும் கடிகாரம் மாதிரி ஒண்ணு, முள்ளு ஒரு ஒரு நொடிக்கும் ஒரு அடி நகரும், எப்பவாவது ஒரு தடவை ரெண்டு அடி தாவும், அப்ப பட்டனை அழுத்தணும். ரெண்டு மணி நேரம். அரை மணி நேரம் தாண்டினதுமே ஆளுங்க தாவலை விட ஆரம்பிச்சுட்டாங்க. கண் திறந்து தான் இருந்தது, முள்ளைத் தான் பார்த்துட்டு இருந்தாங்க. எனக்கு அதைப் படிச்சுக் காட்ட வேண்டிய அவசியமே இல்ல, மூணு மணிக்கு ஸ்க்ரீன்ல பூனை ஒண்ணு போச்சுன்னு பக்கத்துல இருக்கறவர் சொன்னார், நான் அந்தக் கட்டத்தைத் தான் பார்த்துட்டு இருந்தேன், பூனையைப் பார்க்கல.

ஒரே மாதிரி இருக்கறதை செய்யறவனுக்கு அது வேலை. அதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறவனுக்கு அது ஒரே. ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க.

#18 சாயக்காரன்

திரை அண்ணா சொல்றது நெசந்தானுங்க, ஒத்துக்கறேன் (ஊதல). எங்க ஃபினிஷிங்ல துணி செக்கிங் மேசையில நிக்கற அக்காங்கள நான் கணக்குலயே எடுக்கல. கண்ணுக்கு முன்னால அதே நேவி ப்ளூ துணி மீட்டர் மீட்டரா ஓடிட்டே இருக்கும், எங்கயோ ஒரு ஓட்டை, எங்கயோ ஒரு எண்ணெய்க் கறை, அதைப் பிடிக்கோணும். மத்தியானம் மூணு மணிக்கு மேல வர்ற ரோல்ல தான் டேமேஜ் கம்மியா எழுதியிருக்கும். துணி நல்லா வந்துருச்சுன்னு நாங்க சந்தோசப்படுவோம். இப்பத் தான் யோசிக்கறேன்.

#19 கணக்கு டீச்சர்

பென்ஷன் சார், தமிழ் ஐயா பதில் சொல்லிட்டார். "ஒருவனையே" பிரிநிலையாவும் எடுக்கலாம், தேற்றமாவும் எடுக்கலாம், நோட்டரிக்கு ரெண்டும் ஒரே ஃபீஸ் தான்னார்.

#20 மாம்பலத்து அப்பா

எல்லாருக்கும் நன்றிங்க. சிங்கம் சார் உட்பட. பொண்ணுகிட்ட நாலு வரிக்கும் நாலு அர்த்தம் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளுக்கு ஒரே கொட்டாவி, ஆனா சாயக்காரர் சொன்ன லைட் பாக்ஸ் மட்டும் பிடிச்சுப் போச்சு. பொங்கலுக்கு அவளும் எதிர் வீட்டு ஃப்ரெண்டும் ஒண்ணாப் போய் ஒரே கடையில ஒரே மாதிரி நீல கவுன் எடுத்தாங்க. ரெண்டையும் எடுத்துட்டு வாங்கன்னேன். ஹால் டியூப்லைட்ல கட்டில் மேல விரிச்சு வச்சோம், ஒரு வித்தியாசமும் இல்ல. மொட்டை மாடிக்குப் போய் வெயில்ல கொடியில பக்கத்துல பக்கத்துல போட்டோம். எங்க வீட்டுதுல ஊதா அடிக்குது, அவளோடது சுத்த நீலம். நான் கண்ணாடியைப் போட்டு, கழட்டி, திரும்பப் போட்டு பார்த்தேன், நிஜம் தான்.

ஃப்ரெண்டு அதுக்குள்ள கீழ தண்ணி குடிக்கப் போயிருந்தா. என் பொண்ணு ரெண்டையும் ஒரு நிமிஷம் பார்த்துட்டு தன்னோடதை கொடியில இருந்து உருவி கையில சுருட்டிக்கிட்டா. "அவகிட்ட சொல்லிடாதப்பா"ன்னா.

#21 சாயக்காரன்

வேற வேற லாட்டுங்க. கடைக்காரருக்கே தெரியாது, அவர் மேல தப்பு இல்ல. பாப்பா சொன்னபடியே விட்டுருங்க, வெயில்ல ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு போட்டோ மட்டும் எடுத்துராதீங்க.

நான் கெளம்பறேன், மிஷின்ல இருந்து லாட்டு எறக்கிட்டாங்களாம், வந்து பாக்கச் சொல்றாங்க. நேத்தைய அதே நேவி தான்.